விஷத்தின் செலவு யார் கணக்கில்?

பாதரசத்தைக் குறைவாகப் பயன்படுத்துங்கள், மிச்சமாகும் கழிவைப் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள், அதனால் உங்கள் தொழிலுக்கே லாபம் என்று தொழில் கருத்தரங்குகளில் இப்போது பேசுகிறார்கள். ஆலைக் கழிவோடு வாழ்ந்து பழகிய நம் ஊர்க்காரர் யாராவது அதைக் கேட்டால் சிரிப்பார். ஆனால் அவர்கள் சொல்வது பொய்யில்லை. லாபம் இருக்கிறது. லாபம் என்று தெரிந்தும் இத்தனை காலம் அதை ஏன் செய்யவில்லை என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. கழிவைக் கொட்டுவதற்கு ஆகும் செலவை ஆலை கொடுக்கவில்லை, வேறு யாரோ கொடுத்தார்கள் என்பதுதான் அதற்குப் பதில். அந்த வேறு யாரோ பெரும்பாலும் ஊருக்குள் இருக்கவில்லை. சேரியில் இருந்தார்கள்.

கொடைக்கானலில் இருந்து தொடங்கலாம். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுன் நகரில் ஒரு காய்ச்சல்மானித் தொழிற்சாலை இருந்தது. அது 1983-ல் அங்கிருந்து பெயர்த்து எடுக்கப்பட்டு கொடைக்கானல் மலைக்கு வந்தது. பாண்ட்ஸ் நிறுவனம் கொண்டுவந்தது, பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும் உலோகம். கண்ணுக்குத் தெரியாது, வாசனை கிடையாது. மூச்சுவழி நுரையீரலுக்குள் போய் நரம்பையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். கண்ணாடிக் குழாயில் பாதரசம் அடைக்கும்போது உடைவதும் சிந்துவதும் அன்றாடம் நடப்பவை. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை ஊர் மக்களும் சுற்றுச்சூழல் அமைப்பினரும் கண்டுபிடித்தார்கள். அதே மாதம் ஆலை மூடப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை ஒரு கணக்குப்பிள்ளையின் கண்ணோடு பாருங்கள். 2003-ல் சுமார் 290 டன் கழிவைக் கப்பலேற்றி, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள மறுசுழற்சி ஆலைக்குக் கம்பெனி தன் செலவில் அனுப்ப வேண்டியிருந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 2006-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு நேரவில்லை என்று நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஆனாலும் 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு ஒரு சென்னைப் பெண் பாடிய ராப் பாடல் இணையத்தில் உலகம் முழுக்கச் சுற்றி அந்தக் கம்பெனியின் பெயரைக் கிழித்தது. மண்ணில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்ற அளவை வைத்துத் துப்புரவு செய்தால் போதும் என்றார்கள். உங்கள் நாட்டில் இந்த அளவை ஏற்பீர்களா என்று போராடியவர்கள் கேட்டார்கள். பதினெட்டு ஆண்டுகள் காய்ச்சல்மானி செய்து சம்பாதித்த இடத்தில், அதைவிட நீண்ட காலத்துக்கு வழக்கும் துப்புரவும் நடந்தன. சிந்தியதை அன்றன்றே சேகரித்து மீட்டிருந்தால் ஆகியிருக்கும் செலவு இதன் பக்கத்தில்கூட வந்திருக்காது. பாதரசம் காசு கொடுத்து வாங்கிய சரக்கு. சிந்தியதும் காசுதான்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் பக்கத்திலேயே உண்டு. காஸ்டிக் சோடா தயாரிக்க அந்தக் காலத்தில் பாதரசக் கலங்களைப் பயன்படுத்தினார்கள். புதுச்சேரி காலாப்பட்டில் ஓர் ஆலை 1985-லேயே பாதரசம் தேவைப்படாத சவ்வுக் கல முறைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் இதில் அது முன்னோடி. 2003-ல் மத்திய அரசும் ஆலை அதிபர்களும் சேர்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள், மற்ற ஆலைகளும் படிப்படியாக மாறின. பழைய முறையில் ஒரு டன் காஸ்டிக் சோடாவுக்கு மூவாயிரம் யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகும். புதிய முறையில் இரண்டாயிரத்து ஐந்நூறை ஒட்டி முடிந்துவிடும். மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணமே புதிய இயந்திரத்தின் விலையை அடைத்துவிடும். விஷம் குறைந்தது கூடுதல் வரவு.

பாதரசம் எங்கள் ஊர்ப் பிரச்சினை இல்லையே என்று ஆம்பூர் வாசகர் கேட்கலாம். கொஞ்சம் உண்டு. ஷூ கம்பெனிகளின் கூரையில் வரிசையாகத் தொங்கும் பழைய டியூப் லைட் ஒவ்வொன்றிலும் துளிப் பாதரசம் இருக்கிறது. பாதரசத்துக்காகவே போடப்பட்ட மினமாட்டா உடன்படிக்கையில் இந்தியா 2018-ல் இணைந்தது. ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் ஒரு ரசாயன ஆலை கடலில் விட்ட பாதரசம் மீன்வழி மனிதர்களை முடக்கியது. அந்த நோய் 1956-ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. உடன்படிக்கைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். அதன்படி டியூப் லைட் உற்பத்தி 2027-க்குள் நிற்க வேண்டும். கம்பெனிகள் எல்இடிக்கு மாறுகின்றன, கரன்ட் பில் குறைகிறது, நல்லதுதான். கழற்றிய டியூப்களை வாங்கி, அலுமினிய மூடிக்காகக் கையாலேயே உடைப்பவர் யார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. குப்பை பொறுக்கும் குடும்பங்கள் எங்கே குடியிருக்கின்றன என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

ஆனால் நம் பகுதியின் உண்மையான பாதரசத்துக்குப் பெயர் குரோமியம்.

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோலைப் பதப்படுத்தினார்கள். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பு வந்த பிறகு அந்த வேலை ஒரு நாளில் முடிகிறது. ஆனால் வழக்கமான முறையில் டிரம்மில் போடும் குரோமியத்தில் அறுபது, எழுபது சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்ளும். மீதி கழிவுநீரோடு வெளியே போகும். நூறு மூட்டைச் சரக்கு வாங்கி முப்பது மூட்டையைச் சாக்கடையில் கொட்டும் மளிகைக்கடைக்காரரை யாராவது பார்த்திருக்கிறீர்களா? டேனரி தலைமுறைகளாக அதைத்தான் செய்தது.

அதை மீட்பதும் பெரிய வித்தையில்லை. குரோமியக் கழிவுநீரை மற்றத் தண்ணீரோடு கலக்காமல் தனியாகப் பிடித்து மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குரோமியம் அடியில் படியும். தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் டிரம்மில் போடலாம். அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இதைப் பல்லாண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறது. தண்ணீரே ஊற்றாமல் குரோமியம் ஏற்றும் முறையையும் அது கண்டுபிடித்தது. அதில் குரோமியத் தேவை 15 முதல் 20 சதவீதம் குறையும் என்கிறார்கள். வழி இல்லாமல் யாரும் ஆற்றில் விடவில்லை. ஆற்றில் விட்டால் பைசா செலவில்லை என்பதால் விட்டார்கள்.

அந்த இலவசத்தின் விலை என்ன? வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-ல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. டேனரிகள் உள்ள பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ பயிர் செய்ய லாயக்கற்றதாகிவிட்டது என்று அதில் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவைத் தர வேண்டும் என்பது இந்த நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. இன்று சட்டக் கல்லூரி மாணவர்கள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு அது. அந்தத் தீர்ப்பு நம் பாலாற்றங்கரையில் பிறந்தது என்பது நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நோட்டீஸ் மேல் நோட்டீஸ் அனுப்பியபோது அசையாத பலர், வெளிநாட்டு வியாபாரி பேசியதும் எழுந்து நின்றார்கள். தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் போட்ட பென்டாகுளோரோபீனாலை 1989-ல் ஜெர்மனி தடை செய்தது. சில சாயங்களை 1994-ல் தடை செய்தது. ஏற்றுமதிக்காரர்கள் மாற்று ரசாயனம் தேடி ஓடினார்கள், கண்டுபிடித்தார்கள், ஏற்றுமதி பிழைத்தது. 2015 மே முதல், தோலைத் தொடும் பொருளில் ஆறிணைதிறன் குரோமியம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வைத்திருக்கிறது. மாணவர்களுக்காக ஒரு வரி: டிரம்மில் போடுவது மூவிணைதிறன் குரோமியம், அதில் விஷம் குறைவு. ஆறிணைதிறன் குரோமியம்தான் புற்றுநோய் தரும். முறை தவறிப் பதப்படுத்தினால் முதல் வகை இரண்டாவது வகையாக மாறிவிடும். பெர்லினில் ஒருவர் போடும் செருப்பில் அவர் பாதத்தைக் காக்க இப்படி ஒரு எண் இருக்கிறது, அதை ஆம்பூரில் பரிசோதனை செய்து சான்றிதழும் வாங்குகிறார்கள். அதே தோலைக் கையுறையில்லாமல் புரட்டிப் போடும் கைக்கு எந்தச் சான்றிதழும் கேட்பாரில்லை.

ராணிப்பேட்டையில் இன்னொரு பாடம் இருக்கிறது. டேனரிகளுக்குத் தேவையான குரோமிய உப்பு தயாரித்த தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை எழுபதுகளின் நடுவில் தொடங்கி 1995-ல் மூடப்பட்டது. அது விட்டுப்போனது சுமார் ஒன்றரை லட்சம் டன் கழிவு. அதில் இருப்பது அந்த ஆறிணைதிறன் வகை. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் கசிந்து கீழே இறங்கும். 2006-ல் ஓர் அமெரிக்க அமைப்பு உலகிலேயே மிகக் கெட்டுப்போன பத்து இடங்களின் பட்டியல் போட்டபோது ராணிப்பேட்டையும் அதில் இருந்தது. ஆலை நடந்தபோது அந்தக் கழிவை அப்புறப்படுத்தும் செலவு கணக்கில் ஏறவில்லை. அதனால் சரக்கு மலிவாக இருந்தது, அந்த மலிவில் டேனரிகள் லாபம் பார்த்தன. இப்போது அதை அகற்றும் செலவு அரசின் தலையில், அதாவது தீப்பெட்டிக்குக்கூட வரி கட்டும் நம் எல்லோர் தலையிலும் விழுந்திருக்கிறது.

நம் பத்தியில் இதை எழுதக் காரணம் உண்டு. சுத்தமாகச் செய்தால் லாபம் என்று சொல்பவர்கள் போடும் கணக்கில் ரசாயனம், தண்ணீர், மின்சாரம், ஆர்டர், அபராதம் எல்லாம் இருக்கின்றன. வேலைக்காரன் இல்லை. ஈரத் தோல் வேலையும் சுண்ணாம்புக் குழி வேலையும் தலைமுறைகளாக எங்கள் மக்களின் வேலை. தோலைத் தொட்டவன் தீட்டு, தோல் கொண்டுவரும் டாலர் தீட்டில்லை என்பது இந்த மாவட்டங்களின் பழைய பொருளாதாரம். இப்போது அந்த வேலைகளில் பல காண்ட்ராக்ட்டுக்குப் போய்விட்டன. வடக்கிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிட்கோவில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இரவில் இடிந்தது. சகதி பக்கத்து டேனரிக்குள் பாய்ந்து, அங்கே தூங்கிக்கொண்டிருந்தவர்களை மூடியது. பத்துப் பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஆற்றைக் காப்பாற்றக் கட்டப்பட்டது என்பதைக் கவனியுங்கள். விஷம் ஆற்றுக்குப் போகாமல் தொட்டியில் தங்கியது. தொட்டிக்குப் பக்கத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்பது யாருடைய கணக்கிலும் இல்லை.

தொட்டிக்குள் இறங்கிச் சாவதும் இப்படித்தான். முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடு கலந்த கழிவில் அமிலக் கழிவு சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அளவு கூடினால் அதன் நாற்றமே மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். முதல் ஆள் விழுவார், அவரைத் தூக்க இறங்கும் இரண்டாம் ஆளும் விழுவார். மலக்குழி மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. ஆனால் கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம், செப்டிக் டேங்க் என்பதற்கு மனிதக் கழிவைத் தேக்கும் தொட்டி என்று விளக்கம் தருகிறது. டேனரித் தொட்டியில் இறந்தவரின் குடும்பத்திடம் இது அந்தச் சட்டத்தில் வராது என்று வாதாட அந்த ஒரு சொல் போதும். ஒரே சாதிக்காரர், ஒரே வாயு, ஒரே சாவு. சட்டத்தின் அகராதியில் மட்டும் தொட்டி வேறு.

இனி இழப்பீட்டுக்கு வருவோம். உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அமைந்த சூழல் இழப்பு ஆணையம் 2001 மார்ச்சில், 547 டேனரிகள் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரி ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஒரு டேனரிக்குச் சராசரி ஐந்து லட்சத்துக்கும் குறைவு. ஓர் ஆற்றையும் அதன் கரை நிலங்களையும் கெடுத்ததற்கு இந்த விலை என்றால், எந்த முதலாளியும் மீட்பு நிலையம் கட்ட மாட்டார், இதைக் கட்டிவிட்டுப் போவார். அதையும் எல்லோரும் ஒழுங்காகக் கட்டவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு, பாக்கி இழப்பீட்டை ஆறு வாரத்துக்குள் அரசே கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும் என்றது. ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

அந்தப் பணமும் பெரும்பாலும் நிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. பட்டா வைத்திருந்தவருக்கு நிலம் கெட்டது. அந்த நிலத்தில் நாற்று நட்டு, களை பறித்து, கரும்பு வெட்டிக் கூலி வாங்கிய குடும்பத்துக்கு வேலையே போனது. ஆனால் அவர்கள் கையில் பட்டா இல்லை. கூலியையும் இழந்து, கிணற்றுத் தண்ணீரையும் இழந்து, கடைசியில் நிலத்தைக் கெடுத்த அதே டேனரியின் வாசலிலேயே வேலை கேட்டு நின்றவர்கள் அவர்கள்தான்.

ஆலையை மூடு என்று நான் சொல்ல மாட்டேன். பேரணாம்பட்டிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்களின் சம்பளத்தில்தான் பல சேரிகளில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். கேட்டால் ஆர்டர் போய்விடும், வேலை போய்விடும் என்று அவர்களைத்தான் முதலில் மிரட்டுவார்கள். நடந்த வரலாறு அந்த மிரட்டலுக்கு எதிராக இருக்கிறது. ஜெர்மனி கேட்டது, ஐரோப்பா கேட்டது, ஒவ்வொரு முறையும் தொழில் மாறியது, வேலையும் நின்றது. கேட்பவர் ஐரோப்பியராக இருந்தால் லாபமாகத் தெரிவது, தொழிலாளி கேட்டால் மட்டும் எப்படி நஷ்டமாகும்?

படித்த பிள்ளைகள் செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. அனுமதி பெற்று இயங்கும் ஆலை ஒவ்வொன்றும் ஆண்டுதோறும் செப்டம்பர் 30-க்குள் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சுற்றுச்சூழல் அறிக்கை தர வேண்டும். படிவம் 5 என்று பெயர். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு அபாயக் கழிவு என்று அதில் எழுத வேண்டும். அதன் ஏழாவது பகுதி, மாசைக் குறைக்க எடுத்த நடவடிக்கையால் உற்பத்திச் செலவில் என்ன மாற்றம் ஏற்பட்டது என்றே நேரடியாகக் கேட்கிறது. கருத்தரங்கில் பேசும் லாபக் கணக்கை அரசுப் படிவம் எப்போதோ கேட்டுவிட்டது. உங்கள் ஊர் ஆலையின் படிவத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி வாங்குங்கள். ஐந்து ஆண்டுப் படிவங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், வாங்கிய குரோமியம் எவ்வளவு, கழிவாகப் போனது எவ்வளவு என்று பள்ளிக் கணக்கிலேயே தெரிந்துவிடும். அதைக் கிராமசபையில் படியுங்கள்.

அந்தப் படிவத்தில் ஒன்பது பகுதிகள் இருக்கின்றன. தொட்டிக்குள் எத்தனை பேர் இறங்கினார்கள், அவர்கள் யாருடைய காண்ட்ராக்ட் ஆட்கள், எந்த முகமூடி கொடுக்கப்பட்டது என்று எட்டுப் பகுதிகளிலும் ஒரு வரி கிடையாது. ஒன்பதாவது பகுதி, பிற விவரங்கள். அந்த வரியை அங்கே எழுதச் சொல்லிக் கேட்கலாம்.